துளசித் தொட்டியில் சாம்பல் போடாதீங்க

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது பொறுமையா படிங்க.

போன வெள்ளிக்கிழமை பூஜை முடிஞ்சு பிரசாதம் கொடுத்துக்கிட்டு இருந்தேன். ஒரு அக்கா வந்து, "அண்ணே, கணபதி ஹோமத்துச் சாம்பல் மிச்சம் இருந்தா கொஞ்சம் கொடுங்க. வீட்டுக்குள்ள வச்சிருக்கிற செடி எல்லாம் மஞ்சளா போகுது. சாம்பல் போட்டா பச்சை பிடிக்கும்னு வாட்ஸ்அப்ல வந்துச்சு"ன்னு கேட்டாங்க. நான் வெடுக்குன்னு, "நெத்திக்குன்னா தரேன், செடிக்குன்னா தரமாட்டேன்"னு சொல்லிட்டேன். அவங்க முகம் வாடிப்போச்சு. வரிசையில் நின்னவங்க எல்லாம் என்னையே பார்த்தாங்க.

அக்கா, இதை நீங்க படிச்சா, அன்னைக்குப் பேசின விதத்துக்கு மன்னிச்சுக்குங்க. ஆனா சொன்ன விஷயத்தை மாத்திக்க மாட்டேன். ஏன்னு சொல்லத்தான் இந்தப் பதிவு.

ரெண்டு வருஷத்துக்கு முன்னால, நம்ம கோவிலுக்கு வழக்கமா வர்ற ஒரு பாட்டி முட்டி ஆபரேஷனுக்காக மகள் வீட்டுக்கு சிங்கப்பூர் போனாங்க. போறதுக்கு முன்னால ஒரு துளசித் தொட்டியை என்கிட்ட கொடுத்துட்டுப் போனாங்க. அவங்க பிளாட்டில் சமையலறை ஜன்னல் ஓரமா இருந்த தொட்டி. அது சும்மா கடையில் வாங்கின செடி இல்லை. அவங்க இருந்த தோட்டத்தை வித்து, லயத்தை எல்லாம் இடிச்சப்போ, தோட்டத்துக் கோவில் துளசியிலிருந்து தாத்தா விதை எடுத்து வச்சிருந்தாராம். அந்த விதை வழியா வந்த செடி. தாத்தா போயிட்டாரு. செடி மட்டும் விதை மாத்தி விதை மாத்தி வந்துக்கிட்டு இருந்துச்சு. "மூணு மாசம் பாத்துக்க தம்பி"ன்னு சொல்லிட்டுப் போனாங்க.

நான் அதைக் கோவில் அலுவலக ஜன்னல் ஓரம், மணி பிளான்ட் தொட்டிகளோட வச்சேன். முதல் மாசம் நல்லாத்தான் இருந்துச்சு. ஹோமம் முடிஞ்சு மிஞ்சின சாம்பலைக் குப்பையில் போடக்கூடாது, கால் படக்கூடாது இல்லையா. அதனால ஒரு கைப்பிடி துளசிக்குப் போட்டேன். புனிதமான பொருள், புனிதமான செடி, நல்லதுதானேன்னு நினைச்சேன். தட்டைத் துடைச்ச விபூதியும் அங்கேயே போச்சு. ரெண்டாவது மாசம் புதுத் தளிர் எல்லாம் வெளிறி வந்துச்சு. இலை மஞ்சள், நரம்பு மட்டும் பச்சை. சத்து பத்தலைன்னு நினைச்சு இன்னும் கொஞ்சம் சாம்பல் போட்டேன். ஒருத்தர் முட்டை ஓட்டை நொறுக்கிப் போட்டாரு. இன்னொருத்தர் வெத்தலைச் சுண்ணாம்பைத் தண்ணியில் கரைச்சு ஊத்தச் சொன்னாரு, அதையும் ஊத்தினேன். இலை இன்னும் மஞ்சளாச்சு. பூக்கதிர் செடியோட பலத்தை உறிஞ்சும்னு சொன்னாங்க, அதையும் கிள்ளிப் போட்டேன்.

பாட்டி திரும்பி வந்தப்போ தொட்டியில் குச்சிதான் இருந்துச்சு. விதைக்குக்கூட ஒரு கதிர் இல்லை.

அவங்க திட்டலை. "என்னப்பா போட்டே?"ன்னு மட்டும் கேட்டாங்க. எனக்குப் பதில் சொல்லத் தெரியலை. என்னென்ன போட்டேன், எவ்வளவு போட்டேன், யார் யார் போட்டாங்க, எதுவுமே எனக்குத் தெரியலை.

இதுதான் என்னை ரொம்ப நாள் தூங்க விடலை. ஏன்னா நான் கையுறை செய்யும் ஆலையில் சூப்பர்வைசர். எஸ்.பி.எம். வரைக்கும்தான் படிச்சேன், ஆனா முப்பது வருஷமா ரப்பர் பாலோடதான் வேலை. ரப்பர் பால் கெடாம இருக்க அம்மோனியா சேர்த்துக் காரமா வச்சிருப்போம். அமிலம் பக்கம் போச்சுன்னா பால் திரிஞ்சு கட்டியாயிடும். அதனால டேங்கில் பி.எச். எவ்வளவுன்னு அளந்து புத்தகத்தில் எழுதணும். அளக்காம ஒருத்தன் டேங்கில் எதையாவது ஊத்தினா அன்னைக்கே எச்சரிக்கைக் கடிதம் கொடுப்பேன். கொடுத்தும் இருக்கேன். "நல்லதுக்குத்தான் ஊத்தினேன் சார்"னு சொல்லுவாங்க. நல்ல எண்ணம் டேங்குக்குத் தெரியாதுடான்னு திட்டியிருக்கேன். அதே ஆளு கோவிலுக்கு வந்து, அளக்காம, எழுதாம, கைக்கு வந்ததை எல்லாம் தொட்டியில் கொட்டியிருக்கேன்.

அப்புறமாத்தான் அந்தத் தொட்டி மண்ணை எடுத்து அளந்து பார்த்தேன். பி.எச். தாள் எட்டையும் தாண்டிக் காட்டுச்சு.

பி.எச்.னா என்னன்னு தெரியாதவங்களுக்குச் சுருக்கமா சொல்றேன். இது 0-லிருந்து 14 வரைக்கும் போகும் ஓர் அளவு. 7 நடு. அதுக்குக் கீழே அமிலம், மேலே காரம். ஒரு படி மாறினா பத்து மடங்கு மாற்றம். அப்போ 6-ல இருந்த மண் 8-க்குப் போச்சுன்னா நூறு மடங்கு. ரெண்டு புள்ளிதானேன்னு நினைக்கக் கூடாது.

வீட்டுக்குள்ள தொட்டியில் வளர்க்கிற பெரும்பாலான செடிகளுக்கு 5.5-லிருந்து 6.5, 7 வரைக்கும் சரியா இருக்கும். அதுக்கு மேலே போனா மண்ணில் இரும்புச்சத்து இருந்தும் வேரால் எடுக்க முடியாது. பூட்டின அலமாரியில் சோறு இருக்கிற மாதிரி. அதனாலதான் புது இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையா நிக்குது. செடி பட்டினி கிடக்குதுன்னு நாம மேலும் சாம்பல் போடுறோம். பூட்டு மேல பூட்டு. ரொம்பக் கீழே, 5-க்கும் கீழே போனாலும் கஷ்டம்தான். கால்சியம், மெக்னீசியம் குறையும், வேர் சரியா ஓடாது.

சாம்பல் காரம்தானான்னு சந்தேகமா? நம்ம வீட்டிலேயே சோதிக்கலாம். ஆலம் சுத்த மஞ்சள் தண்ணியில் சுண்ணாம்பு போட்டா சிவப்பாகுதே, ஏன்? மஞ்சளுக்குக் காரம் பட்டா சிவக்கும் குணம் இருக்கு. மஞ்சளையும் சுண்ணாம்பையும் சேர்த்துத்தான் அந்தக் காலத்தில் குங்குமம் செஞ்சாங்க. நான் மஞ்சள் தண்ணியில் சுண்ணாம்புக்குப் பதிலா ஹோமச் சாம்பலைப் போட்டுப் பார்த்தேன். சிவந்துச்சு. எலுமிச்சை பிழிஞ்சேன், மறுபடி மஞ்சளாச்சு. ஆனா மண்ணை இப்படிச் சோதிக்க முடியாது. நல்லாக் காரம் ஏறினாத்தான் மஞ்சள் நிறம் மாறும், அமிலத்தைக் காட்டவே காட்டாது. சாம்பல் எந்தப் பக்கம்னு தெரிஞ்சுக்க இது போதும்.

இப்போ பெரியவங்க கேட்பாங்க: "டேய், உங்க அப்பன் லயத்துக்குப் பின்னாடி அடுப்புச் சாம்பல் போட்டுத்தானே கத்தரி, வெண்டி எல்லாம் வளர்த்தான்? அப்போ காய்க்கலையா?" காய்ச்சுச்சு. நானே சாம்பல் வாளியைத் தூக்கிட்டுப் போயிருக்கேன். அப்பா செஞ்சது தப்பே இல்லை. ஆனா அது எந்த மண்ணு? நம்ம நாட்டுத் தோட்டத்துச் செம்மண். வருஷம் முழுக்க மழை. அந்த மழை மண்ணில் இருக்கிற சுண்ணாம்புச் சத்தை எல்லாம் அரிச்சுக்கிட்டுப் போயிடும். அதனால அந்த மண்ணு பி.எச். 4, 5-ன்னு அமிலமாத்தான் இருக்கும். அதுக்குச் சாம்பல் மருந்து. கூடிப்போனாலும் அடுத்த மழை கழுவிடும்.

நம்ம பிளாட் ஜன்னல் ஓரத் தொட்டி அப்படியா? ரெண்டு லிட்டர் மண்ணு. மழை படாது. போட்டது அங்கேயேதான் கிடக்கும். குழாய்த் தண்ணி வேற. சுத்திகரிச்ச குடிநீர் 6.5-லிருந்து 9-க்குள்ள இருக்கணும்னு சுகாதார அமைச்சோட தரக்கட்டுப்பாடு சொல்லுது. அந்தத் தண்ணியில் கரைஞ்சிருக்கிற உப்பு நாளாக நாளாகத் தொட்டியிலேயே தங்கிக் காரத்தை ஏத்தலாம். அப்பாவோட வைத்தியம் சரிதான், நோயாளி மாறிட்டான். நாம தோட்டத்தை விட்டுப் பிளாட்டுக்கு வந்துட்டோம், வைத்தியத்தை மட்டும் மாத்தாம கொண்டு வந்துட்டோம்.

அதுக்காகத் தொட்டி மண்ணு எல்லாமே காரமா இருக்கும்னு நான் சொல்லலை. பீட் மாஸ் அதிகம் கலந்த மண்ணு இயற்கையாவே அமிலம். யூரியா, அம்மோனியம் சல்பேட் மாதிரி உரம் தொடர்ந்து போட்டா மண்ணு மெல்ல மெல்ல அமிலம் பக்கம் போகும். வறுத்த நெல் உமி, அதான் நர்சரியில் சேகாம் பாக்கார்னு விக்கிறாங்களே, அது காரம் பக்கம் சாயும். பக்கத்துப் பக்கத்து வீட்டில் ஒரே மாதிரி மணி பிளான்ட் ரெண்டும் மஞ்சளா இருக்கலாம், ஒண்ணு அமிலத்தால, ஒண்ணு காரத்தால. அளக்காம எப்படித் தெரியும்? ஒருத்தருக்கு மருந்தா இருக்கிறது இன்னொருத்தருக்கு விஷம்.

வாட்ஸ்அப்பில் சுத்துற வைத்தியங்களை ஒவ்வொண்ணா பார்ப்போம்.

முட்டை ஓடு: இதுவும் சுண்ணாம்பு வகைதான். கையால் நொறுக்கிப் போட்டா வருஷக்கணக்கில் அப்படியே கிடக்கும். மாவா அரைச்சாத்தான் ஓரளவு வேலை செய்யும். அதுவும் மண்ணு அமிலமா இருந்தா மட்டும்தான் தேவை.

வெத்தலைச் சுண்ணாம்பு: ரொம்பக் கடுமையான காரம். சின்னத் தொட்டியில் வேரையே பொசுக்கிடும். தயவு செஞ்சு வேண்டாம்.

கோப்பித் தூள்: மண்ணை அமிலமாக்கும்னு சொல்றாங்க. வடிகட்டின சக்கையில் அமிலம் பெரும்பாலும் தண்ணியோட போயிடும், மிச்சம் இருக்கிறது நடுமைக்குப் பக்கத்தில்தான் இருக்கும். தொட்டி மேல கொட்டினா பூஞ்சை பிடிக்கும், தண்ணி இறங்காது.

வினிகர், எலுமிச்சைச் சாறு: அப்போதைக்கு பி.எச். இறங்கும். கொஞ்ச நாளில் மண்ணில் இருக்கிற கிருமிகள் அதைத் தின்னு தீர்த்துடும், பழைய நிலைக்கே வந்துடும். அளவு கூடினா வேர் வெந்துபோகும்.

அபிஷேகப் பால், தயிர்: வீட்டுக்குள்ள இருக்கிற தொட்டிக்கு வேண்டவே வேண்டாம். புளிச்சு நாறும், கொசு மாதிரி சின்னச் சின்னப் பூச்சி வரும்.

அப்போ என்னதான் செய்யணும்?

முதல்ல, மஞ்சள் இலைன்னா உடனே பி.எச்.னு ஓடாதீங்க. பெரும்பாலும் தண்ணி அதிகமாகித்தான் செடி மஞ்சளாகுது. தொட்டி அடியில் ஓட்டை இருக்கா, தட்டில் தண்ணி தேங்குதா, வெளிச்சம் போதுமா பாருங்க. துளசிக்கு நல்ல வெயில் வேணும். இருட்டு மூலையில் வச்சுட்டு மண்ணைக் குத்தம் சொல்லக்கூடாது. தட்டில் தேங்கின தண்ணியில் ஏடிஸ் கொசு வளரும், அது வேற ஆபத்து.

இதெல்லாம் சரியா இருந்தும் புதுத் தளிர் மஞ்சளா வந்தா, அளந்து பாருங்க. பி.எச். தாள் ஒரு கட்டு ஐந்து வெள்ளிக்குள்ள எனக்குக் கிடைச்சுச்சு. ஒரு ரொட்டி சானாய், ஒரு தே தாரிக் காசுதான். மண்ணில் குத்துற ரெண்டு கம்பி மீட்டர், பேட்டரி இல்லாம வருதே, அதை நம்பாதீங்க. நான் மூணு வாங்கி ஒரே தொட்டியில் குத்தினேன், மூணும் மூணு கதை சொல்லுச்சு.

அளக்கிற முறை இதுதான். மேல் மண்ணை ஒதுக்கிட்டு, ரெண்டு மூணு அங்குல ஆழத்தில், வேர் இருக்கிற இடத்து மண்ணு ரெண்டு கரண்டி எடுங்க. மருந்துக்கடையில் விக்கிற காய்ச்சி வடிச்ச தண்ணி நாலு கரண்டி ஊத்துங்க. குழாய்த் தண்ணி வேண்டாம், அதோட கணக்கும் இதில் சேர்ந்துடும். நல்லாக் கலக்கி அரை மணி நேரம் வைங்க. மேல தெளிஞ்ச தண்ணியில் தாளை நனைச்சு, டப்பாவில் இருக்கிற நிறத்தோட ஒப்பிடுங்க. தேதி போட்டு எழுதி வைங்க. எழுதாத அளவு அளக்காததுக்குச் சமம், இது தொழிற்சாலை பாடம்.

5.5-லிருந்து 7-க்குள்ள இருந்தா கையைக் கட்டிக்கிட்டு சும்மா இருங்க. இதுதான் ரொம்பக் கஷ்டமான வேலை. காரணம் வேற எங்கேயோ இருக்கு.

5-க்குக் கீழே இருந்தா டோலமைட் தூள், நர்சரியில் கிடைக்கும். ரெண்டு லிட்டர் மண்ணு பிடிக்கிற தொட்டிக்கு ஒரு தேக்கரண்டி போதும். மண்ணோட கலந்து தண்ணி ஊத்துங்க. ஒரு மாசம் கழிச்சு மறுபடி அளங்க. அதுக்கு முன்னால ரெண்டாவது கரண்டி கிடையாது.

7.5-க்கு மேலே போயிருந்தா எதையும் சேர்த்துச் சரி பண்ணப் பார்க்காதீங்க. கந்தகத் தூள் போடலாம்னு சொல்லுவாங்க. அது மண்ணில் கிருமிகள் வேலை செஞ்சு மெல்ல மெல்லத்தான் அமிலமாகும், சின்னத் தொட்டியில் அளவு தப்பிடும். நேரா மண்ணை மாத்திடுங்க. வேரைச் சுத்தியிருக்கிற பழைய மண்ணை மெதுவா உதிர்த்துட்டு, தென்னை நார்த்தூளும் மக்கின உரமும் கலந்த புது மண்ணில் நடுங்க. பாட்டியோட துளசிக்கு நான் இதைச் செஞ்சிருந்தா ஒருவேளை பிழைச்சிருக்கும்.

இப்போ நான் உண்மையா சொல்ல வந்த விஷயம். இதில் சிலருக்குக் கோபம் வரலாம்.

"சாமி பிரசாதம் செடியைக் கொல்லுமா? உனக்கு நம்பிக்கை இல்லையா?"ன்னு ஒருத்தர் என்கிட்ட நேராவே கேட்டாரு. எனக்கு நம்பிக்கை இருக்குங்க. தினமும் நெத்தியில் விபூதி இல்லாம வேலைக்குப் போனதில்லை. விபூதி நெத்திக்கு. ரட்சை பொட்டு வைக்க. தொட்டியில் கொட்டச் சொல்லி எந்தச் சாமியும் கேட்கலை. மிஞ்சினதைக் குப்பையில் போட மனசு வராம, தொட்டியைக் குப்பைத்தொட்டி ஆக்கிட்டு அதுக்குப் பக்தின்னு பேர் வைக்கிறோம். நான் செஞ்சது அதைத்தான். துளசியைச் சாமின்னு கும்பிடுறவன், அது வேருக்கு என்ன வேணும்னு ஒரு தாளை நனைச்சுப் பார்க்கக் கூடாதா? அமிலம், காரம் எல்லாம் நம்ம தமிழ்ப்பள்ளிப் பிள்ளைங்க தொடக்கப்பள்ளி அறிவியலிலேயே லிட்மஸ் தாளை வச்சுப் படிக்கிறாங்க. பிள்ளைங்களுக்குத் தெரிஞ்சதைப் பெரியவங்க நாம கோவில் வாசல்ல கழட்டி வச்சுட்டு உள்ளே வரோம்.

அதனால நிர்வாகத்துக்கு மூணு விஷயம் எழுதிக் கொடுத்திருக்கேன்.

ஒண்ணு, ஹோமச் சாம்பலும் தட்டு விபூதியும் சேர்த்து வைக்கத் தனி மூடி போட்ட பாத்திரம் வேணும். அதை எப்படிக் கரைக்கிறதுன்னு குருக்கள் சொல்லட்டும், அதன்படி செய்வோம். கோவில் தொட்டிகளில் யாரும் கொட்டக்கூடாது.

ரெண்டு, கோவில் செடி ஒவ்வொண்ணுக்கும் ஓர் அட்டை. என்ன போட்டோம், எவ்வளவு, எந்தத் தேதி, யார். கையெழுத்தோட.

மூணு, அலுவலகத்தில் ஒரு சோதனைப் பெட்டி. பி.எச். தாள், காய்ச்சி வடிச்ச தண்ணி, ரெண்டு கரண்டி, நாலு குவளை. என் சொந்தக் காசில் வாங்கி வச்சுட்டேன், கோவில் பணம் வேண்டாம்.

பாட்டி இப்பவும் வெள்ளிக்கிழமை வராங்க. என்கிட்ட நல்லாத்தான் பேசுறாங்க. ஆனா அலுவலக ஜன்னல் பக்கம் மட்டும் பார்க்கிறதில்லை. அங்கே இப்போ வேற ஒரு துளசி இருக்கு, நர்சரியில் வாங்கினது. அட்டை கட்டியிருக்கேன், பி.எச். 6.5. நல்லாத் தழைச்சிருக்கு. ஆனா அந்தத் துளசி இல்லை. தோட்டம் போச்சு, லயம் போச்சு, தாத்தா போனாரு, கடைசியா மிஞ்சியிருந்த ஒரு செடியை நான் நல்லது செய்றேன்னு நினைச்சே கொன்னுட்டேன்.

அக்கா, வர்ற வெள்ளிக்கிழமை கோவிலுக்கு வரும்போது உங்க செடி மண்ணு ரெண்டு கரண்டி ஒரு பிளாஸ்டிக் பையில் கொண்டு வாங்க. மேல் மண்ணு வேண்டாம், உள்ளே இருக்கிறது. பூஜை முடிஞ்சதும் உங்க முன்னாலேயே அளந்து சொல்றேன். அதுவரைக்கும் எதையும் போடாதீங்க. மத்தவங்களும் கொண்டு வரலாம், காசு கிடையாது.

தெரிஞ்சவங்களுக்கு அனுப்புங்க.

ஓம் நமசிவாய.